பரங்கிமலையடியில் ஒரு வாரப் பாசறை

பழம்பொருள் எதையேனும் இகழ வேண்டுமாயின், "இது ஹைதர் காலத்துச் சரக்கு" என்று கூறுவது தமிழகத்து வழக்கு. துருவேறிய பூட்டுக்கும், கைப்பிடி கழன்ற குடைக்கும், ஓட மறுக்கும் கடிகாரத்துக்கும் இப்பட்டத்தை நாம் தாராளமாய் வழங்கிவிடுகிறோம். இவ்வாறு சொல்வோரில் எத்தனை பேர் அந்த ஹைதர் யார் என்று எண்ணிப் பார்த்திருப்பர்? மைசூரை ஆண்ட ஹைதர் அலி, நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் பரங்கிமலையருகே 1769-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் பாசறை இறங்கினார். சென்னைக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலக் கவுன்சில், தன் உறுப்பினர் ஒருவரை அவரிடம் அனுப்பிச் சமாதானம் பேசிற்று. இதனை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

சில மாதங்களுக்கு முன்னர், தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் ரயிலில் என் பேரனுக்கு இந்நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பல்லாவரம் கடந்து, இடப்புறமும் வலப்புறமுமாகக் குன்றுகள் தெரிந்த வேளையில் அவன் கேட்டான்: "அப்ப நாம யார் பக்கம், நன்னா?"

எளிய கேள்விதான். ஆயினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஹைதரைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்துள்ள எழுத்துக்கள் பலவற்றைப் படித்திருந்தும், அவற்றுள் ஒன்றேனும் அந்தச் சிறுவனுக்கு நேர்மையான விடையைத் தரவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்த எழுத்துக்களின் குறையையும் நிறையையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசறையைப் பாடிய மரபு

படை தங்குமிடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. பாசறை, பாடிவீடு, படைவீடு, பாளையம், தண்டு என ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் குரலைச் சுமந்து நிற்கிறது. இவற்றுள் பாசறையை முழுமையாகப் பாடிக் காட்டிய பெருமை பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டுக்கு உரியது. நப்பூதனார் பாடிய அந்நூல் 103 அடிகளே உடையது. அந்தச் சிற்றளவுக்குள் காட்டாற்றங்கரையில் புதர் நீக்கி அமைத்த பாடியும், அதனைச் சூழ்ந்த முள்வேலியும், தழை வேய்ந்த குடில்களும், தீனி கொள்ள மறுக்கும் யானையும், அதனை வடசொல் கூறித் தேற்றும் பாகரும், நாழிகை அளந்து பொழுது கூறுவோரும் நம் கண்முன் வந்துவிடுகின்றனர். அனைத்தினும் மேலாக, அப்பாசறையின் அரசன் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் மாண்டுபோன வீரரையும் எண்ணி அவன் விழித்திருக்கிறான். வெற்றியை நோக்கி நிற்கும் மன்னனின் உள்ளத்துக்குள் போரின் விலையையும் வைத்துப் பாடிய புலவரின் நடுநிலைமை வியக்கத்தக்கது.

முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகளுள் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகியவற்றோடு படைப்போர் என்பதும் ஒன்று. அரபு நாட்டுப் போர்க்களங்களைத் தமிழ் மண்ணின் சொற்களால் காட்டிய அந்நூல்களை நம் பாட்டிமார்கள் மாலை வேளைகளில் ஓதக் கேட்டு வளர்ந்தோர் இன்றும் உளர். பாலைவெளியில் நிகழ்ந்த போர்களைத் தமிழில் இத்துணை விரிவாகப் பாடிய நம் சமுதாயம், நம் வீட்டு வாசலில் இறங்கிய படையைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் இரண்டொரு வரிகளோடு நின்றுவிட்டது? இவ்வினாவை மனத்தில் கொண்டு நிகழ்ச்சிக்குள் செல்வோம்.

நிகழ்ந்தது என்ன?

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஹைதருக்கும் இடையே முதல் மைசூர்ப் போர் 1767-இல் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த போர்களில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை ஹைதரைப் பின்வாங்கச் செய்தது. அதே காலத்தில், பதினேழு வயது நிறையாத திப்பு ஒரு குதிரைப் படையோடு சென்னையின் புறநகர் வரை வந்து, ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளைக் கலங்கச் செய்து திரும்பினார். கவர்னரும் கவுன்சிலாரும் அன்று அகப்படாமல் தப்பியது அருமை என்று ஆங்கில நூல்களே ஒப்புக்கொள்கின்றன.

அக்காலத்துச் சென்னையின் அமைப்பை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். கம்பெனியாரின் உண்மையான அரண் கடலோரத்துக் கோட்டை ஒன்றே. அதற்குத் தெற்கே, நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-இல் கட்டி முடித்த சேப்பாக்கம் அரண்மனை நின்றது. அடையாற்றின் மீது ஆர்மீனிய வணிகரான பெத்ரூஸ் உஸ்கான் 1726-இல் கட்டுவித்த மர்மலாங் பாலத்தைக் கடந்தால், சைதாப்பேட்டைக்கு அப்பால் பரங்கிமலை. பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் நவாப் 1763-இல் கம்பெனிக்கு வழங்கி, பின்பு தாமே குத்தகைக்கு எடுத்துக்கொண்ட செங்கற்பட்டு ஜாகீரைச் சேர்ந்தவை. எனவே பரங்கிமலை அன்று நகரத்தின் பகுதி அன்று. நகரம் அஞ்சி அஞ்சி நோக்கிய எல்லை. படையெடுத்து வருவோர் எவரும் அம்மலையடியில் நின்றே கோட்டையை நோக்குவர்.

1769-இன் தொடக்கத்தில் இரு தரப்பாரும் களைத்திருந்தனர். கேப்டன் புரூக் என்பவர் வாயிலாகவும் பின்னர் ஆண்ட்ரூஸ் என்பவர் வாயிலாகவும் பேச்சுக்கள் நடந்து, சில நாட்களே நீடித்த போர்நிறுத்தத்தோடு பயனின்றி முடிந்தன. மராட்டியரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள ஆங்கிலேயரின் நட்பே தமக்கு வேண்டுவது என்று ஹைதர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். அது நிறைவேறாமற் போகவே அவர் ஒரு சூழ்ச்சி செய்தார். ஸ்மித்தின் படையைத் தெற்கே வெகுதொலைவு இழுத்துச் சென்றார். பின்னர்ப் பீரங்கிகளையும் கனத்த மூட்டை முடிச்சுக்களையும் பெரும்படையையும் தம் நாட்டுப் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டு, பொறுக்கியெடுத்த 6,000 குதிரை வீரரோடும் 200 காலாட்களோடும் சென்னையை நோக்கி விரைந்தார். மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, மார்ச் 29 அன்று சென்னையின் வாயிலில் தோன்றினார்.

தோன்றியவர் கொள்ளையிட்டாரா? இல்லை. கவர்னர் பௌர்ச்சியருக்குக் கடிதம் அனுப்பினார். கவுன்சில் உறுப்பினரான ஜோசையாஸ் தூப்ரே தம்மிடம் வந்து பேசவேண்டும் என்றும், பின்தொடர்ந்து வரும் ஸ்மித்தின் படை நிறுத்தப்படவேண்டும் என்றும் கேட்டார். இரண்டும் நடந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கைப்பற்றிய ஊர்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, கரூரும் அதனைச் சார்ந்த பகுதியும் மைசூரிடமே இருப்பது, சிறைப்பட்டோரை விடுவிப்பது, ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணை நிற்பது ஆகியவை அதன் சாரம். உடன்படிக்கை முடிந்ததும் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. படை மேற்கே சென்றது. பாசறையின் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு வாரம்.

மூன்று நூல்கள், மூன்று சாய்வுகள்

இந்த ஒரு வாரத்தைப் பற்றி நமக்குச் செய்தி தருவோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மார்க் வில்க்ஸ். மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த அவர் எழுதிய தென்னிந்திய வரலாற்றுக் குறிப்புக்கள் 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. ஹைதரின் குதிரைகள் கடந்த தொலைவையும் நாளையும் எண்ணிக்கையையும் நமக்குத் தந்தவர் அவரே. எதிரியின் ஆற்றலை மறைக்காத பண்பு அவரிடம் உண்டு. ஆயினும் அவருடைய நூல், உடையார் குலத்தை ஆங்கிலேயர் மீண்டும் அரியணையில் அமர்த்திய பின் எழுந்தது. ஹைதர் பிறர் உரிமையைப் பறித்தவர் என்னும் எண்ணம் அதன் அடித்தளத்தில் கிடக்கிறது. ஆதலால் படை நடத்திய திறம் போற்றப்படுகிறது. சமாதானம் நாடிய உள்ளம் ஆராயப்படுவதில்லை.

இரண்டாமவர், மேத்ர் தெ லா தூர் என்னும் பிரெஞ்சுக்காரர். ஹைதரின் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கியவராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் அவர் எழுதிய ஹைதர் வரலாறு 1783-இல் பிரான்சில் அச்சேறியது. பரங்கிமலைப் பாசறையைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கேலிச்சித்திரக் கதைக்கு ஊற்று இந்நூலே. உடன்படிக்கைக்குப் பின் கோட்டை வாயிலில் ஒரு சித்திரம் ஒட்டப்பட்டதாம். அதில் ஹைதர் பீரங்கிகளைக் குவித்து அதன் மேல் வீற்றிருக்கிறார். கவர்னரும் கவுன்சிலாரும் மண்டியிட்டு நிற்கின்றனர். தூப்ரேயின் மூக்கு யானைத் துதிக்கையாய் நீண்டிருக்க, அதனை ஹைதர் பிடிக்கப் பொற்காசுகள் கொட்டுகின்றன. ஒரு பக்கத்தில் ஸ்மித் தம் வாளை முறித்துக்கொண்டு நிற்கிறார்.

சுவையான கதைதான். எனினும் திறனாய்வாளன் இங்கே சற்று நிற்கவேண்டும். நூல் வெளிவந்த காலம், பிரான்சும் இங்கிலாந்தும் போரிட்டு ஓய்ந்த காலம். ஆங்கிலேயர் அவமானப்பட்ட கதை பாரிசில் எத்துணை விலை போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தார் பலரும் இந்த ஒரு நூலையே பார்த்து எழுதியவர்கள். ஒரே சாட்சியை ஒன்பது பேர் மேற்கோள் காட்டினால் சாட்சிகள் ஒன்பதாகிவிட மாட்டா. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் மரபில் வந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? கதை பொய் என்று நான் துணியவில்லை. அதனை மெய்யென நிறுவப் போதிய சான்று கிடைக்கும் வரை, 'இவ்வாறு ஒருவர் எழுதியுள்ளார்' என்ற அளவில் நிறுத்துவதே முறை. இந்தப் பிரெஞ்சு நூலைத் திருத்தி 1855-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியிட உதவியவர் திப்புவின் மகன் இளவரசர் குலாம் முகம்மது என்பது கருதத்தக்கது. தம் பாட்டனாரின் வாழ்வை உலகுக்குச் சொல்ல, ஒரு பேரன் அந்நியர் எழுதிய நூலையே நாட வேண்டியிருந்தது!

மூன்றாமவர் மீர் ஹுசைன் அலி கான் கிர்மானி. ஹைதர், திப்பு இருவருடைய அரசிலும் பணியாற்றிய அவர் பாரசீக மொழியில் இயற்றியது நிஷானே ஹைதரி. கர்னல் மைல்ஸ் என்பவர் 1842-இல் இதன் ஹைதர் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அரண்மனைக்குள்ளிருந்து வந்த குரல் என்பது இதன் சிறப்பு. அரண்மனைக்குள்ளிருந்து மட்டுமே வந்த குரல் என்பது இதன் குறை. புகழ் மொழிகள் பெருகியுள்ள அளவுக்கு நாட்கணக்கில் உறுதி இல்லை.

இம்மூவரின் வழிவந்த நூல்களில் சிறு முரண்களும் உள. ஹைதர் சென்னையிலிருந்து 5 மைலில் நின்றார் என்பர். பரங்கிமலையோ கோட்டைக்குச் சுமார் 8 மைல். முன்னணிக் குதிரைகள் வந்து நின்ற இடத்தையும் பேச்சு நடந்த பாசறையையும் ஒன்றாக்கிவிட்டதால் இம்மயக்கம் நேர்ந்திருக்கலாம். உடன்படிக்கையின் நாளை ஏப்ரல் 3 என்பாரும் 4 என்பாரும் உளர். இவை சிறியன என்று தள்ளுதல் தகாது. வந்த இடமும் முடிந்த நாளுமே தெளிவுபட எழுதப்படவில்லை என்றால், அந்த வாரத்தில் குதிரைகளுக்குப் புல் எங்கிருந்து வந்தது, 6,000 குதிரைகளும் எந்த ஏரியில் நீர் குடித்தன, அரிசியும் கொள்ளும் கொடுத்த ஊர்கள் எவை என்பன போன்ற செய்திகளுக்கு இவற்றில் இடம் ஏது? முல்லைப்பாட்டின் புலவர் யானைப்பாகனின் பேச்சைக்கூடக் கேட்டார். நம் வரலாற்றாசிரியர்கள் பாசறைக்குள் தலைவர்களை மட்டுமே கண்டனர்.

நாம் எழுதியவை

பிறர் குறையைச் சொன்ன பின் நம் குறையையும் சொல்லுதல் வேண்டும். நம் பத்திரிகைகளிலும் மலர்களிலும் ஹைதரைப் பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலேயரை மண்டியிட வைத்த மாவீரர் என்று தொடங்கி, கேலிச்சித்திரத்தை வருணித்து, பெருமிதத்தோடு முடிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் எழுதுவோரோ 'ஐதர் கலாபம்' என்ற பழஞ்சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஊர் எரித்த கொடியவர் என்று முடித்துவிடுவர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். 1769-ஐயும் 1780-ஐயும் பிரித்துப் பார்க்க மறுக்கின்றனர். அவற்றை இணைக்கும் கயிற்றையும் காண மறுக்கின்றனர்.

அந்தக் கயிறு எது? உடன்படிக்கையில் ஹைதர் மிக விரும்பிப் பெற்றது, தாக்கப்பட்டால் துணை வருவோம் என்ற வாக்கு. அடுத்த ஆண்டுகளிலேயே மராட்டியர் மைசூர் மீது பாய்ந்தனர். 1771 மார்ச்சில் சின்குர்லியில் ஹைதர் பெருந்தோல்வியுற்றார். சென்னையிலிருந்து உதவி வரவில்லை. ஆங்கில மன்னரின் பிரதிநிதியாக நவாபின் அவைக்கு வந்திருந்த சர் ஜான் லிண்ட்ஸே மராட்டியரோடு சேரும்படி வற்புறுத்த, சென்னைக் கவுன்சில் இரு பக்கமும் சாயாமல் வாளாவிருந்தது. கவுன்சிலுக்கும் இக்கட்டு இருந்தது என்பது உண்மை. வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்பதும் உண்மை. அப்பொழுது சென்னையின் கவர்னர் வேறு யாருமல்லர்; பரங்கிமலைக்கு வந்து ஹைதரோடு பேசிய அதே தூப்ரேதான்.

இந்த மனப்புண் ஆறவில்லை. பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தை ஆங்கிலேயர் 1779-இல் கைப்பற்றியது அதன் மேல் வைத்த நெருப்பு. 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மலை இறங்கினார். இம்முறை கடிதம் வரவில்லை, குதிரைகளே வந்தன. ஆகஸ்டில் பரங்கிமலையின் சுற்றுப்புறம் சூறையாடப்பட்டது. சர் ஹெக்டர் மன்றோ அதே மலையடியில் தம் படையைத் திரட்டி ஆகஸ்ட் 26-இல் காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டார். செப்டம்பர் 10-இல் புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. செங்கற்பட்டு ஜாகீரின் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பாழ்பட்டன, மக்கள் நகரத்தை நோக்கி ஓடினர். பஞ்சம் தலைவிரித்தாடியது. பட்டினி கிடந்தோருக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் தோன்றிய அறச்சாலையே மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைத்து வந்தது இக்காரணம் பற்றியே.

இவ்வழிவை ஆங்கில உலகம் அறிந்தது எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-இல் பாராளுமன்றத்தில் ஆற்றிய பேருரையால். ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய அவ்வுரையில் ஹைதரின் படையெடுப்பை அவர் தீமழையாய் வருணித்தார். இந்தியாவைக் கண்ணால் காணாதவர் தீட்டிய சித்திரமாயினும், அதில் ஒரு நேர்மை இருந்தது. அந்தத் தீயைத் தம் பேராசையாலும் வாக்குப் பிறழ்ச்சியாலும் வரவழைத்துக்கொண்டவர்கள் சென்னையின் ஆட்சியாளர்களே என்று அவர் தம் நாட்டாரைக் குற்றம் சாட்டினார். தம்மவர் குற்றத்தைத் தம் அவையிலேயே சொல்லும் துணிவு ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு இருந்தது. ஹைதர் பெருமை பேசும் நம் கட்டுரைகளில், எரிந்த ஊர்களுக்காக ஒரு வரியேனும் இரங்கும் துணிவு நமக்கு ஏன் இல்லை? இரங்கினால் ஹைதரின் புகழ் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோமா? ஒருவருடைய நல்ல செயலைப் போற்றுவதற்கு அவருடைய மற்றச் செயல்களை மறைக்கவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை.

யார் பக்கம்?

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். சமயத்தை அளவுகோலாகக் கொண்டு பக்கம் பிரிக்க முனைந்தால் பரங்கிமலை நம்மைத் திகைக்க வைக்கும். ஹைதர் முஸ்லிம், அவரை எதிர்த்து ஆங்கிலேயரோடு நின்ற வாலாஜா நவாபும் முஸ்லிம். பின்னாளில் மைசூர் அரசின் கணக்கையும் கருவூலத்தையும் தாங்கிய பூர்ணையா பிராமணர். கம்பெனியின் சிப்பாய்களிலோ நம்மவர் கணிசமாக இருந்தனர்.

ஹைதர் வந்ததற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன் அதே மலையடியில் இன்னொரு பாசறை இருந்தது. லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளை, 1759 பிப்ரவரி 9-இல் பிரெஞ்சுக்காரர் பரங்கிமலையைத் தாக்கினர். தெற்கிலிருந்து வந்து கையோவின் தலைமையில் நாள் முழுதும் நின்று போரிட்டு அவர்களைத் திருப்பியனுப்பிய படையில் முன்னின்றவர் யூசுப் கான். பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்று சொல்லப்படும் அந்த வீரரே, மதுரை மக்கள் கதைப்பாடலாய்ப் பாடிய கான்சாகிபு. சில நாட்களில் முற்றுகை நீங்கிற்று. சென்னையைக் காக்கத் தோள் கொடுத்த அவரை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கிளர்ச்சிக்காரர் என்று சொல்லி நவாபும் கம்பெனியும் 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கிலிட்டனர். ஒரே மலையடியில் பத்தாண்டு இடைவெளியில் இரு முஸ்லிம் படைத்தலைவர்கள். ஒருவர் சென்னையைக் காத்தவர், மற்றவர் சென்னையை நடுங்க வைத்தவர். இவர்களுள் நம்மவர் யார் என்று பெயரை வைத்து முடிவு செய்ய இயலுமா?

இயலாது. அவ்வாறாயின் எதனைக் கொண்டு மதிப்பிடுவது? கொடுத்த வாக்கைக் கொண்டு மதிப்பிடலாம். பாசறை பலமானதா என்பதைவிட, அந்தப் பாசறையில் பேசிய சொல் நின்றதா என்று கேட்கலாம்.

இஸ்லாமிய வரலாற்றில் ஊன்றியவர்களுக்கு இக்கண்ணோட்டம் புதிதன்று. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, கி.பி. 628-இல், மக்காவுக்கு வெளியே ஹுதைபிய்யாப் பாலைவெளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் சில நாட்கள் தங்கினர். அங்கே போர் நிகழவில்லை, உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன் நிபந்தனைகள் தோழர்களுக்கே மனத்துயரம் தந்தன. ஆயினும் திருமறை அதனைத் தெளிவான வெற்றி என்றது. அவ்வுடன்படிக்கையை நாயகம் அவர்கள் காத்தார்கள். குறைஷிகளின் தரப்பு முறித்தது. எந்த மன்னனையும் நபிகளாரோடு ஒப்பிடுவது நம் எண்ணமன்று. அது தகவும் தகாது. வாளை உறையிலிட்டு எழுதுகோலை எடுத்த சில நாட்கள், பல போர்களைவிடப் பெரியனவாக எண்ணப்படலாம் என்ற பாடத்தை நம் குழந்தைகள் ஏற்கெனவே அறிவர் என்பதற்காகவே இதனை ஈண்டு நினைவூட்டினேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1769-ஆம் ஆண்டு ஹைதர் உயர்ந்து நிற்கிறார். கோட்டையைப் பிடிக்கும் பீரங்கிகள் அவரிடம் இல்லை. ஆனால் தோட்ட வீடுகளும் கறுப்பர் நகரத்தின் புறச்சேரிகளும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சூறையாடியிருக்கலாம். அவர் கேட்டதோ நட்பு. அவர் நாட்டைச் சூறையாடுகிறார் என்ற பழைய செய்தி லண்டனைச் சேர்ந்து, அவ்வாண்டு மே மாதத்தில் கம்பெனியின் பங்கு விலை சரிந்தபோது, இங்கே சமாதானம் கையெழுத்தாகி ஒரு மாதம் கடந்திருந்தது. அதே அளவுகோலை வைத்தால் 1771-இல் சென்னைக் கவுன்சில் தாழ்ந்து நிற்கிறது. 1780-இல், வாக்கு முறித்தவர்கள் கோட்டைக்குள் இருக்க, உழவர்களின் குடிசைகளை எரிய விட்ட ஹைதரின் படையும் தாழ்ந்தே நிற்கிறது. இவ்வாறு எழுதுவதால் எவருக்கும் பழியில்லை, வரலாற்றுக்கே நன்மை.

மலையடியில் இன்று

ஹைதரின் பாசறை கலைந்த பின் பரங்கிமலையடி நிலையான படைக்களமாயிற்று. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அங்கே அமைந்தது. பல்லாவரம் வரை கண்டோன்மென்ட் பரந்தது. 1802 ஏப்ரல் 10-இல் லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் மாபெரும் நிலஅளவைப் பணியின் அடிக்கோட்டை இம்மலையடியிலிருந்துதான் தெற்கு நோக்கி அளக்கத் தொடங்கினார். 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்துப் படைத்திடலில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். 1963-இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அகாதமி என்ற பெயரோடு விளங்குகிறது. பல்லாவரமும் தாம்பரமும் 2021-இல் ஒரே மாநகராட்சியாய் இணைந்துவிட்டன. கற்காலமும் நிலஅளவையும் நூல்களில் இடம் பெற்றுவிட்டன. ஒரு வாரம் நின்ற அந்தச் சமாதானப் பாசறைக்கோ, நான் நடந்து பார்த்த அளவில், ஓர் அறிவிப்புப் பலகைகூடக் கண்ணிற்படவில்லை.

கல் நாட்டுவது அரசினர் வேலை. எழுதுவது நம் வேலை. அடுத்த முறை ஹைதரைப் பற்றி எழுதும் அன்பர்கள் கேலிச்சித்திரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த உடன்படிக்கையின் வாசகத்தைப் படித்து எழுதட்டும். அது முறிந்த வரலாற்றையும் எழுதட்டும். குதிரைகள் நீர் குடித்த ஏரிகளின் கரையில் இருந்த குடிகளை, அவர்கள் எச்சமயத்தவராயினும், மறவாமல் எழுதட்டும். முல்லைப்பாட்டின் புலவர் அரசனின் உறக்கமின்மையைப் பாடினார். ஊராரின் உறக்கமின்மையைப் பாடும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

அன்று ரயிலில் சொல்லத் தவறிய விடையைப் பின்னர் ஒருநாள் பேரனுக்குச் சொன்னேன்: "நம்ம ஆட்கள் ரெண்டு பக்கமும் இருந்தாங்கப்பா. நடுவிலயும் இருந்தாங்க. நாம சொன்ன சொல்லைக் காப்பாத்துறவங்க பக்கம்."

அவன் சிறிது நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஹைதர் காலத்துன்னு இனிமே பூட்டைத் திட்டக்கூடாது, நன்னா" என்றான்.